இடது முட்டிக்கு ஆபரேஷன், வலது முட்டிக்கு வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. கடலூர் முதுநகரில் மீன் விற்கிறார். விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து வந்து, மார்க்கெட்டில் மணை போட்டு உட்கார்ந்து விற்பார், கேட்பவர்களுக்கு ஆய்ந்தும் கொடுப்பார். சில வருடமாக இடது முட்டியில் வலி, இப்போது கால் வெளிப்பக்கமாக வளைந்தே போய்விட்டது. எக்ஸ்ரேயில் இடது முட்டி 4-ஆம் கிரேடு, வலது 2-ஆம் கிரேடு என்றார்கள். சர்க்கரை இருக்கிறது, மூன்று மாத சர்க்கரை 9.2. எடை 76 கிலோ. தீபாவளி முடிந்த வாரம் இடது முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஐந்து வாரம் நன்றாக நடந்தார், பிறகு பழைய கதைதான். ஊசி போட்ட மறுநாள் சர்க்கரை 320-க்குப் போய்விட்டது, அப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது ஒரு டாக்டர் இரண்டு முட்டியையும் ஒரேயடியாக மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், அம்மாவின் ரத்தத்தையே எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி மூன்று போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். ஓர் ஊசி 12,000 ரூபாய். அண்ணன் ஊசிதான் என்கிறார். அம்மாவோ, "கத்தி வெச்சா நான் படுத்த படுக்கையாயிடுவேன்" என்று அழுகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மாவின் இடது முட்டிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் சரி, ஆனால் இந்த மாதம் வேண்டாம், சித்திரை வரை பொறுக்கலாம். வலது முட்டிக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் இப்போதைக்கு வேண்டாம். அந்த 36,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு செலவு இருக்கிறது. அம்மாவின் முட்டியை நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால் கடைசி முடிவு அவரை நேரில் பரிசோதிக்கும் டாக்டருடையது. அந்த டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வதை எப்படி எடை போட வேண்டும் என்று புரிவதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் புதுச்சேரியிலும் கடலூரிலும் எனக்குத் தெரிந்த பாதி வீடுகளில் நடக்கிறது. ஊசியா ஆபரேஷனா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஊசி ஒரு வேலைக்கு, ஆபரேஷன் வேறொரு வேலைக்கு. எந்த முட்டிக்கு, எந்த நிலையில் என்பதைப் பார்க்காமல் எது நல்லது என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. அம்மாவுக்கே பாருங்கள், ஒரே உடம்பில் இரண்டு முட்டி, இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம்.

4-ஆம் கிரேடு என்றால் என்ன? நம் ஆட்கள் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று சொல்வார்களே, அந்தக் குருத்தெலும்பு ஒரு பக்கத்தில் அநேகமாக முழுதும் போய், எலும்போடு எலும்பு உரசுகிற நிலை. நம் ஊர் முட்டிகளில் பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் தேயும். அந்தப் பக்கம் இறங்கிவிடுவதால் கால் வில் மாதிரி வளைகிறது. வளைந்த பிறகு உடம்பின் எடை இன்னும் அதிகமாக அந்தத் தேய்ந்த பக்கத்திலேயே விழுகிறது, அது மேலும் தேய்கிறது. இந்த வளைவை உலகத்தில் எந்த ஊசியாலும் நிமிர்த்த முடியாது. 2-ஆம் கிரேடில் குருத்தெலும்பு இன்னும் இருக்கிறது, ஓரங்களில் சின்னதாக எலும்பு முளைத்திருக்கும், இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த எக்ஸ்ரே அம்மாவை நிற்கவைத்து எடுத்ததா என்று மட்டும் பாருங்கள். படுக்கவைத்து எடுத்தால் எடை இறங்காது, இடைவெளி நன்றாக இருப்பது போலத் தெரிந்து ஏமாற்றிவிடும். தேய்மானத்துக்கு எம்ஆர்ஐ அநேகமாகத் தேவைப்படாது, யாராவது எழுதிக் கொடுத்தால் எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி ஊசிகளைப் பற்றி. ஸ்டீராய்டு ஊசி மோசமான மருந்து இல்லை. முட்டி வீங்கி, நீர் கோத்து, சூடாக இருக்கும்போது போட்டால் சில வாரங்கள் நிம்மதி தரும், சிலருக்கு மூன்று மாதம்கூட நிற்கும். அம்மாவுக்கு ஐந்து வாரம் நின்றது இதன்படிதான். மகள் கல்யாணம் அடுத்த மாதம், அதுவரை நடமாட வேண்டும் என்கிறவருக்கு நானே போட்டுவிடுவேன். ஆனால் திரும்பத் திரும்பப் போடக்கூடாது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களையும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். வலியில் வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை எகிறும். அதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தவறுதான். உங்களுக்கு முக்கியமான விஷயம் இன்னொன்று இருக்கிறது. முட்டியில் ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் அதே முட்டியில் ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. இடது முட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவெடுத்தால் அதில் இனி எந்த ஊசியும் போடாதீர்கள், தீபாவளிக்குப் போட்டதை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜெல் ஊசி என்று ஒன்று உண்டு, உங்களிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது, சீக்கிரம் யாராவது சொல்வார்கள். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் போன்ற ஒன்றை உள்ளே செலுத்துவது. பிரிட்டனின் வழிகாட்டு நெறி இதைத் தரவேண்டாம் என்கிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் அமைப்பும் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. விலையோ அதிகம். விட்டுவிடலாம்.

அடுத்தது பிஆர்பி. ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து முட்டிக்குள் போடுகிறார்கள். நம் ரத்தமே என்பதால் பெரிய பக்கவிளைவு இல்லை, அது உண்மை. பலன் இருக்கிறதா என்பதில்தான் சண்டை. சில ஆய்வுகள் ஓரளவு வலி குறைவதாகக் காட்டின. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 2, 3-ஆம் கிரேடு ஆட்கள். கொஞ்சமாவது குருத்தெலும்பு மிச்சமுள்ள அவர்களுக்கே இந்தக் கதி என்றால், எலும்போடு எலும்பு உரசும் அம்மாவின் இடது முட்டிக்கு மூன்று ஊசி போட்டு "ஆபரேஷனே வேண்டாம்" என்று வாக்குக் கொடுப்பது நியாயமே இல்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. 12,000 ரூபாய் சம்பாதிக்க அம்மா எத்தனை கூடை மீன் விற்க வேண்டும்? அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் ஊசி என்று சொல்வது அம்மா மேல் உள்ள பாசத்தில், கத்தி படவேண்டாமே என்ற எண்ணத்தில். அதைக் குறை சொல்ல முடியாது.

ஸ்டெம் செல் ஊசி, பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி, இவற்றின் பக்கமே போகாதீர்கள். அந்தப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும், பின்னாலேயே சர்க்கரையும் ஏறும்.

சரி, ஆபரேஷன். முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு வேறு முட்டி வைப்பார்கள் என்று அம்மா நினைத்திருக்கலாம், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தேய்ந்த எலும்பு முனைகளை மட்டும் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்துவிட்டு, மேலும் கீழும் உலோக உறை பொருத்தி, நடுவே கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைக்கிறோம். வளைந்த கால் அந்த மேஜையிலேயே நேராகிவிடுகிறது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தே நடக்கும். அன்று மாலையோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கவைத்துவிடுவோம். படுத்த படுக்கையாகிவிடுவேன் என்கிறார் அம்மா. இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே விட்டால்தான் அதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் வலிக்குப் பயந்து நடக்காமல் தொடைத் தசை சூம்பிவிடும், முட்டி மடங்கியே இறுகிவிடும். அந்த நிலையில் செய்கிற ஆபரேஷன் இப்போது செய்வதைப் போல நல்ல பலன் தராது.

எத்தனை வருடம் உழைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளை வைத்து 2019-இல் கணக்கிட்டபோது, 25 வருடம் கழித்தும் சுமார் 82 சதவீத முட்டிகள் மாற்றவேண்டிய தேவை இல்லாமல் இருந்தன. 64 வயதுக்கு அது போதும். டென்மார்க்கில் நடந்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. 100 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷனும் உடற்பயிற்சியும், மீதிப் பேருக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும் என்று கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி நிவாரணமும் நடமாட்டமும் தெளிவாக அதிகம், ஆனால் கடுமையான சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். ஆபரேஷன் செய்யாதவர்களும் ஓரளவு நன்றாகவே தேறினார்கள், அவர்களில் சுமார் கால்வாசிப் பேர் மட்டுமே ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். வலது முட்டிக்கு அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி அடைவதில்லை, கொஞ்சம் வலி, கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு உள்ளே சீழ் பிடிக்கலாம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது இன்னும் கூடும், அப்படிப் பிடித்தால் மறுபடி ஆபரேஷன் வரை போகும். ஆடுதசையில் ரத்தம் உறையலாம், அதற்கு மருந்து கொடுப்போம். தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போனது போல இருக்கும், அது பயப்படத் தேவையில்லாதது. முதல் ஆறு வாரம் வலியோடுதான் பயிற்சி செய்ய வேண்டும், மூன்று மாதத்தில் நன்றாக நடப்பார், முழுதாகச் சரியாக ஒரு வருடம்கூட ஆகலாம்.

இந்தக் கடிதத்தில் உங்கள் அம்மா முடிவு செய்ய வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மணையில் உட்கார்ந்து மீன் ஆய முடியாது. மாற்றிய முட்டி பொதுவாக 110, 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலியில் உட்கார, படியேற, பஸ் ஏற அது தாராளம். சம்மணம் போடவும் குத்தவைக்கவும் அதற்கு மேல் மடங்க வேண்டும். ஒரு சிலர் தரையில் உட்காரவும் செய்கிறார்கள், ஆனால் தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் அந்தப் பிளாஸ்டிக் தகடு தாங்காது, நான் அனுமதிக்கவும் மாட்டேன். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் இப்போதே வைத்துவிடுங்கள், ஆபரேஷனுக்கு முன்பே அம்மாவுக்குப் பாதி வேதனை குறையும். மார்க்கெட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, பக்கத்தில் உயரமான ஸ்டூல், வெட்டுவதற்கு அரிவாள்மனைக்குப் பதில் கட்டையும் கத்தியும், காலுக்கடியில் ஈரத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இவ்வளவும் வேண்டும். நான் சேமிக்கச் சொன்ன பணம் இதற்குத்தான். பல வருடம் மணையில் உட்கார்ந்து ஆய்ந்த கைக்கு நின்றபடி வெட்டுவது முதலில் ஒத்து வராது, அதனால் ஆபரேஷனுக்கு முன்பே பழகட்டும். நாளைக்கே ஒரு மேஜை வாங்கிப் போட்டுப் பாருங்கள். மேஜையில் வியாபாரம் செய்ய அவருக்குச் சம்மதம் இல்லை, தரையில்தான் உட்காருவேன் என்றால் அதை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவே மாறலாம்.

ஏன் சித்திரை என்றேன் என்றால், முதல் காரணம் சர்க்கரை. 9.2-இல் இந்த ஆபரேஷனைச் செய்யக் கூடாது, 8-க்குக் கீழே, முடிந்தால் 7.5-க்குப் பக்கத்தில் வர வேண்டும். மூன்று மாத சர்க்கரை என்பதே கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு, அது இறங்கவும் அவ்வளவு காலம் ஆகும். அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று மாதமும் நன்றாகத் தாண்டியிருக்கும். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு போகாது, ஏலத்தில் வரத்து குறைவு, அம்மாவுக்கும் வியாபாரம் எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் இருக்கவேண்டிய காலமும் கிட்டத்தட்ட அதுவே. ஐப்பசி, கார்த்திகையில் செய்துகொண்டால் கடலூர் மழையில் பிசியோதெரபிக்குப் போய்வருவதும் கஷ்டம், வழுக்கி விழும் பயமும் உண்டு.

இந்த இடைவெளியில் அம்மா சும்மா இருக்கக் கூடாது. கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் அந்தத் துண்டைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். தொடையின் முன்பக்கம் இறுகும், உங்கள் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும். பத்து முறை, காலை மதியம் இரவு, இரண்டு காலுக்கும். அது பழகியதும் கொஞ்சம் உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. வலது முட்டிக்கு இதுதான் முக்கிய வைத்தியம், இடது முட்டிக்கு ஆபரேஷனுக்கான தயாரிப்பு. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது, அதனால் 76 என்பது 71-க்கு வந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கைத்தடியை வலது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பவர்கள் நிறையப் பேர், எதிர்ப்பக்கம் பிடித்தால்தான் பாரம் குறையும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை தினமும் போடுகிறாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இவ்வளவு வலியோடு இருப்பவர் போடாமல் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சர்க்கரையோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிரியேட்டினின் ஒருமுறை பாருங்கள், மாத்திரைக்குப் பதில் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டியில் தடவட்டும்.

காலையும் கவனியுங்கள். மீன் தண்ணீரிலேயே நிற்பவர்களுக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் சகஜம். சொத்தைப் பல், விரலிடுக்குப் புண், பாத வெடிப்பு, கையில் மீன் முள் குத்திய காயம், எதில் சீழ் இருந்தாலும் கிருமி ரத்தத்தின் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம், அதனால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். இப்போதே ஆற்றிவிடுங்கள்.

பண விஷயம். காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று இந்தத் திட்டத்தில் நடக்கிறது. முதலில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போய், காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, எங்கே செய்துகொள்ளலாம் என்று கேளுங்கள். கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கலாம், அதனால்தான் இப்போதே பதிவு செய்யச் சொல்கிறேன். தனியாரில் செய்வதாக இருந்தால், 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவிலை வைத்துவிட்டது என்பது தெரிந்திருக்கட்டும். வழக்கமான கோபால்ட் குரோமியம் முட்டிக்கு அப்போது வைத்தது வரி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் முட்டியின் விலையைத் தனியாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ரோபோ ஆபரேஷன் என்று கூடுதல் பணம் கேட்டால், எலும்பை வெட்டும் துல்லியத்துக்கு அது உதவும், ஆனால் நோயாளியின் நடையில் பெரிய வித்தியாசம் வருகிறது என்பது இன்னும் தெளிவாக நிரூபணம் ஆகவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

அம்மாவின் பயத்தை அதட்டிப் போக்க முடியாது. முட்டி மாற்றிக்கொண்டு ஒரு வருடமாவது ஆன ஒரு பெண்மணி உங்கள் தெருவிலோ உறவிலோ நிச்சயம் இருப்பார். அம்மாவை அவரிடம் அழைத்துப்போய், நீங்களும் அண்ணனும் வெளியே வந்துவிட்டு, அவர்கள் இருவரையும் மட்டும் பேசவிடுங்கள். ஒருவேளை அம்மா வேண்டாம் என்றே சொன்னால் வேண்டாம்தான், இது உயிர் காக்கும் அவசர ஆபரேஷன் இல்லை, பயிற்சியும் தடியும் மேஜையும் அப்போதும் உதவும்.

மார்ச் கடைசியில் மூன்று மாத சர்க்கரை, கிரியேட்டினின், நின்றபடி எடுத்த இரண்டு முட்டி எக்ஸ்ரே மூன்றையும் எடுத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். காலையில் எழுந்ததும் முட்டி எவ்வளவு நேரம் இறுக்கமாக இருக்கிறது, கை விரல்களும் வீங்குகின்றனவா என்பதையும் அதில் எழுதுங்கள். அரை மணிக்கு மேல் இறுக்கம் இருந்து விரல்களும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு, ஆபரேஷனுக்கு முன்பே அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.